காலம் தாழ்ந்த பரிசில்



பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்தின் மேடையில் கணிதத்திற்கு என்ன வேலை என்று அவையோர் வினவலாம். வினா முறையானதே. ஆயினும் பரிசில் என்பது புலவர்க்குப் புதிய பொருளன்று. பரிசில் நீட்டித்தவிடத்துப் புலவன் அதனைக் கேட்டு நிற்கும் நிலைக்குப் பரிசில் கடாநிலை என்று ஒரு துறையே வகுத்தவர்கள் தமிழர்கள். கொடுப்பவன் காலம் தாழ்த்துவதும், பெறுவோன் காத்துக் கிடப்பதும், காத்திருந்து மாய்வதும் இம்மரபு நன்கறிந்தவை. இன்று எடுத்துக்கொள்ளப்படும் பொருள், கணிதத்தில் ஒரு வாழ்நாளை ஈந்தோர்க்கு உலகம் அளிக்கும் பரிசில். அவற்றுள்ளும் நார்வே நாடு ஆண்டுதோறும் வழங்கும் ஏபெல் பரிசு.

வாழ்நாள் சாதனைக்கு என்று அப்பரிசின் விதியில் எழுதப்படவில்லை. மிகச் சிறந்த கணிதப் பணிக்கு என்றே எழுதப்பட்டுள்ளது; வயது வரம்பும் கிடையாது. ஆயின் நடைமுறையில் அதனைப் பெற்றோர் பெரும்பாலும் அறுபதும் எழுபதும் கடந்தவர்கள். அரை நூற்றாண்டு உழைப்பைத் திரும்பிப் பார்க்கத்தக்க பருவத்தினர். இப்பரிசு யார் பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அந்த நீல்ஸ் ஹென்ரிக் ஏபெல் தம் 26ஆம் வயதில் மறைந்தவர். வாழ்நாள் வாய்க்கப்பெறாத ஒருவரின் பெயரில் வாழ்நாளுக்கு ஒரு விருது என்னும் இம்முரணை நினையாமல் அப்பரிசைப் பற்றிப் பேசுதல் அரிது.

ஏபெல் 1802ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் நாள் நார்வேயில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். இன்று ஆஸ்லோ எனப்படும் நகரம் அந்நாளில் கிறிஸ்தியானியா எனப்பட்டது. அங்கிருந்த தேவாலயப் பள்ளியில் அவர் சேர்க்கப்பட்டார். அப்பள்ளியின் கணித ஆசிரியர் மாணவர்களை அடிப்பதில் பெயர் பெற்றவர். 1817இல் அவரிடம் அடிபட்ட மாணவன் ஒருவன் சில நாள்களில் உயிரிழந்தான். ஆசிரியர் விலக்கப்பட்டார். அவ்விடத்திற்கு வந்தவர் பெர்ன்ட் மிக்கேல் ஹோல்ம்போ என்னும் இளைஞர். மாணவரான ஏபெலைவிட ஏழாண்டே மூத்தவர். ஒரு சிறுவனின் சாவினால் திறந்த வாயில் வழியே வந்த அவ்வாசிரியர், அம்மாணவனிடம் கிடந்த ஆற்றலைக் கண்டுகொண்டார். பாடநூலை விலக்கிவிட்டு நியூட்டன், ஆய்லர், லக்ராஞ்சு ஆகியோரின் மூலநூல்களை அவன் கையில் கொடுத்தார். ஆசிரியத் தொழிலில் இருப்போர் இவ்விடத்தில் சற்று நின்று செல்லலாம்.

1820இல் தந்தை இறந்தார். குடும்பம் வறுமையில் வீழ்ந்தது. மறு ஆண்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, பேராசிரியர்கள் சிலர் தத்தம் ஊதியத்திலிருந்து ஒரு பகுதியை எடுத்து அவரைப் படிக்க வைத்தனர். நாட்டுக்கு ஒரே பல்கலைக்கழகம். அதுவும் தொடங்கிப் பத்தாண்டே ஆனது.

அவர் எடுத்துக்கொண்ட சிக்கல் யாது? இரண்டாம் படிச் சமன்பாட்டைத் தீர்க்கும் வாய்பாட்டினைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் வாய்பாடுகளை இத்தாலியர் பதினாறாம் நூற்றாண்டில் கண்டனர். கார்டானோவின் நூல் 1545இல் அவற்றை வெளியிட்டது. ஐந்தாம் படிக்கு மட்டும் எவர்க்கும் வழி புலப்படவில்லை. பள்ளி மாணவராக இருந்தபோதே அவ்வாய்பாட்டைக் கண்டுவிட்டதாக ஏபெல் கருதினார். கோபன்ஹேகனில் இருந்த அறிஞர் ஒருவர் ஓர் எண்ணை எடுத்துக்காட்டாகப் போட்டுக் காட்டுமாறு கேட்டார். போட்டுப் பார்த்தபோது பிழை தெரிந்தது. தோற்ற வழியிலேயே தொடர்ந்து நடந்து, 1824இல் அவர் வேறொன்றை நிறுவினார்: கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், மூலம் காணல் ஆகியவற்றால் மட்டும் ஐந்தாம் படிச் சமன்பாடுகள் அனைத்துக்கும் பொருந்தும் வாய்பாடு அமைத்தல் இயலாது. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுத் தேடலுக்கு விடை, தேடிய பொருள் இல்லை என்பது. இதனைத் தம் கைப்பொருளால் அச்சிட்டார். அச்சுக் கூலி மிச்சமாகுமே என்று வாதத்தை ஆறு பக்கங்களில் சுருக்கினார். சுருக்கியதால் படித்தோர்க்கு அது விளங்கவில்லை. வறுமை ஓர் ஆசிரியரின் நடையையும் மாற்றும் என்பதற்கு இதனினும் துன்பமான சான்று கணித வரலாற்றில் இருத்தல் அரிது.

துன்பமே உருவானவர் அவர் என்று கருதுதல் தவறு. விளையாட்டு மிக்கவர். ஹோல்ம்போவுக்கு எழுதிய ஒரு மடலில் நாளைக் குறிக்க வேண்டிய இடத்தில் 6064321219 என்னும் எண்ணின் கனமூலம் என்று எழுதினார். கணக்கிட்டால் 1823க்குப் பின் ஒரு பின்னம் வரும். அப்பின்னத்தை நாள்களாக்கினால் ஆகஸ்ட் 4 கிடைக்கும். தம் 21ஆம் பிறந்தநாளுக்கு முதல் நாள். சித்திர கவி பாடியோரின் மரபில் வந்தவர்கள் இந்தக் குறும்பினை எளிதில் உணர்வர்.

அரசு நல்கையில் ஐரோப்பியப் பயணம் வாய்த்தது. பெர்லினில் ஆகஸ்ட் லியோபோல்ட் கிரெல்லே என்னும் பொறியியலார் அவர்க்கு நண்பரானார். 1826இல் கிரெல்லே தொடங்கிய கணித இதழின் முதல் தொகுதியை ஏபெலின் கட்டுரைகள் அணிசெய்தன. அவ்வாண்டே பாரிஸ் சென்று, அக்டோபர் 30ஆம் நாள், பிரெஞ்சு அறிவியற் கழகத்தின்முன் தம் தலைசிறந்த ஆய்வேட்டினை வைத்தார். மதிப்பிடும் பொறுப்பு கோஷி, லெழாந்தர் என்னும் இரு பேரறிஞர்க்கு. லெழாந்தர் முதியவர்; கோஷி தம் ஆய்விலேயே மூழ்கியவர். ஏடு ஒருபுறம் வைக்கப்பட்டது. ஏபெல் காத்திருந்தார், கைப்பணம் தீர்ந்ததும் புறப்பட்டார்.

ஊர் திரும்பியபோது வேலை இல்லை. காலியான கணித ஆசிரியர் இடம் அவர் அயல்நாட்டில் இருந்த காலத்திலேயே ஹோல்ம்போவுக்கு வழங்கப்பட்டிருந்தது. ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இடையிலான அன்பு அதனால் குன்றவில்லை என்பது இருவர்க்கும் பெருமை. தனிப்பயிற்சி அளித்தும் கடன் பெற்றும் நாள் ஓடிற்று. பின்னர்த் தற்காலிக விரிவுரையாளர் பணி ஒன்று கிடைத்தது. அதற்குள் காசநோய் பற்றிக்கொண்டது. 1828ஆம் ஆண்டுக் கிறிஸ்துமசுக்கு, மணம் பேசப்பட்டிருந்த கிறிஸ்தீன் கெம்ப் அம்மையார் பணியாற்றிய ஃப்ரோலாண்டு இரும்பாலைக் குடியிருப்புக்குப் பனிச்சறுக்கு வண்டியில் சென்றவர், அங்கேயே படுத்தார். 1829 ஏப்ரல் 6ஆம் நாள் உயிர் பிரிந்தது. பெர்லினில் நிலையான பணி உறுதியாயிற்று, உடனே வருக என்று கிரெல்லே மகிழ்ந்தெழுதிய மடலின் நாள் ஏப்ரல் 8.

இரண்டே நாள். கதையில் எழுதினால் மிகை என்று ஒதுக்கிவிடுவர்.

பாரிஸ் ஏட்டின் கதை அத்துடன் முடியவில்லை. ஜெர்மானியக் கணிதர் யாக்கோபி அதனைப் பற்றி வினவ, ஏடு தேடி எடுக்கப்பட்டது. 1830இல் கழகத்தின் பெரும்பரிசு ஏபெலுக்கும் யாக்கோபிக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஒருவர்க்கு மறைவுக்குப் பின். அச்சேறியது 1841இல். அச்சாகும் நாளிலேயே கையெழுத்துப்படி மீண்டும் காணாமற் போயிற்று. 1952இல் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகர நூலகத்தில் நார்வேக் கணிதர் விகோ புருன் அதன் பெரும்பகுதியைக் கண்டெடுத்தார். ஓலைச்சுவடி தேடி அலைந்தவர்களின் வரலாறு அறிந்த அவைக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இனிப் பரிசின் கதை. ஆல்ஃபிரெட் நோபல் 1895இல் எழுதிய உயிலில் கணிதம் இடம்பெறவில்லை. காதல் போட்டி ஒன்றே அதற்குக் காரணம் என்று மேடைதோறும் சொல்லப்படும் கதைக்குச் சான்றில்லை. நோபல் மணமே செய்துகொள்ளாதவர். ஏபெலின் படைப்புகளைத் தொகுத்துப் பதிப்பித்த இருவருள் ஒருவரான சோஃபஸ் லீ, கணிதம் விடுபட்டதை அறிந்து, ஏபெல் பெயரால் ஒரு பரிசு வேண்டும் என்று முயன்றார். 1899இல் அவரும் மறைந்தார். 1902இல், ஏபெலின் நூற்றாண்டு விழாவின்போது, சுவீடனையும் நார்வேயையும் ஒருங்கே ஆண்ட மன்னர் இரண்டாம் ஆஸ்கார் பொருள் தர இசைந்தார். விதிகளும் எழுதப்பட்டன. 1905இல் இரு நாடுகளும் பிரிந்தன, பரிசும் நின்றது. மீண்டும் அப்பேச்சு உயிர் பெற 2001 வரை ஆயிற்று. அவ்வாண்டு நார்வே அரசு 20 கோடிக் குரோனர் நிதியத்தை அறிவித்தது. முதற் பரிசு 2003இல் வழங்கப்பட்டது. தொடக்கத்தில் 60 இலட்சம் குரோனராக இருந்த தொகை பின்னர் 75 இலட்சமாக உயர்த்தப்பட்டது. கணிதர் ஐவர் அடங்கிய குழு பரிந்துரைக்க, நார்வே அறிவியல், இலக்கியக் கழகம் அதனை வழங்குகிறது. அறிவியலுக்கும் இலக்கியத்திற்கும் அங்கே ஒரே கழகம் என்பதைப் போகிற போக்கில் குறித்துக்கொள்ளலாம்.

முதற் பரிசு பெற்றவர் பிரெஞ்சுக் கணிதர் ழான்-பியேர் செர். அப்போது அவர் வயது 76. இவரே 1954இல், 27ஆம் வயதில், ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றவர். அவரினும் இளையவர் எவரும் இதுவரை அப்பதக்கம் பெறவில்லை. ஃபீல்ட்ஸ் பதக்கம் நாற்பது வயதுக்கு உட்பட்டோர்க்கே உரியது. வருங்காலத்தை நம்பித் தருவது அது. சென்ற காலத்தைக் கண்டு தருவது இது. இடையில் 49 ஆண்டுகள். ஒரே மனிதர் இரு கரையிலும் நின்றதைக் காண்பது அரிது.

நாற்பது என்னும் கோடு கொடியது. ஆண்ட்ரூ வைல்ஸ் முந்நூற்றைம்பது ஆண்டுப் பழமையான ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை நிறுவிவிட்டதாக 1993இல் அறிவித்தபோது அவர்க்கு நாற்பது. நிறுவலில் ஒரு விரிசல் காணப்பட்டது. அதனைச் செப்பம் செய்த 1994 செப்டம்பரில் அவர்க்கு நாற்பத்தொன்று. 1998இல் உலகக் கணிதர் பேரவை அவர்க்குச் சிறப்பு வெள்ளித் தகடு ஒன்றை அளித்து மனம் ஆறிற்று. ஏபெல் பரிசு வந்தது 2016இல். கணிதத்தை இளமைக்கே உரிய கலையாகக் கருதிய ஹார்டி, அதற்குச் சான்றாக எண்ணிக் காட்டிய பெயர்களுள் ஏபெலும் இராமானுஜனும் உண்டு. அவர்கள் இளமையில் மாய்ந்தவர்கள். இளமையில் வற்றியவர்கள் அல்லர். இவ்வேறுபாட்டை ஹார்டி போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்றே தோன்றுகிறது.

முதுமையில் பெற்ற பரிசுகளுள் தமிழர்க்கு நெருக்கமானது 2007ஆம் ஆண்டினது. சென்னையில் 1940இல் ஓர் அறிவியல் ஆசிரியரின் மகனாகப் பிறந்த சீனிவாச வரதன் அவ்வாண்டு ஏபெல் பரிசு பெற்றார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சி. ஆர். ராவ் அவர்களிடம் ஆய்வு செய்தவர். இவரது ஆய்வேட்டை மதிப்பிட்டவர்களுள் நிகழ்தகவுக் கணிதத்தின் தந்தை எனத்தகும் உருசியர் கொல்மோகொரோவ் ஒருவர். 1963இல் நியூயார்க்கின் கூரான்ட் நிறுவனத்திற்குச் சென்றவர் அங்கேயே நிலைத்தார். அவர் கண்ட பொருளை எளிதிற் கூறலாம். ஒரு நாணயத்தை ஆயிரம் முறை சுண்டினால் தலை ஏறத்தாழ ஐந்நூறு முறை விழும். தொள்ளாயிரம் முறை விழுமா? விழாது என்று சொல்லிவிடுவதே உலக வழக்கு. விழக்கூடும், ஆயின் அந்த வாய்ப்பு எவ்வளவு சிறியது, எத்துணை விரைவில் தேய்கிறது என்று கேட்பது கணித வழக்கு. காப்பீட்டுத் தொழிலை ஒட்டி இவ்வினாவைச் சுவீடன் நாட்டு ஹரால்ட் கிராமர் 1938இல் ஆராய்ந்தார். அதனை நாணயத்திலிருந்து விடுவித்து, தற்செயலாக அலையும் எதற்கும் பொருந்தும் பொதுக்கோட்பாடாக வரதன் வளர்த்தார். பெரும் விலகல்களின் கோட்பாடு என்பர். நடத்தற்கு அரிய ஒன்று நடக்குமாயின், கடிய வழிகளுள் எது சற்று எளியதோ அவ்வழியாகவே நடக்கும் என்பது அதன் உட்கிடை. 1966இல் விதைத்தது, 2007இல் பரிசு. இடையில் 41 ஆண்டுகள்.

அவர்தம் ஆசிரியரின் கணக்கு இன்னும் நீண்டது. சி. ஆர். ராவ் 1945இல், 25 வயதளவில், கல்கத்தாக் கணிதக் கழக இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு மதிப்பீடு எவ்வளவு துல்லியமாக அமைய இயலும் என்பதற்கு எல்லை வகுத்த கட்டுரை. புள்ளியியலுக்கான பன்னாட்டுப் பரிசு அவர்க்கு 2023இல் வந்தது, வயது 102. அவ்வாண்டு ஆகஸ்ட் 22ஆம் நாள் அவர் மறைந்தார். மாணவர்க்குப் பரிசு வந்து பதினாறு ஆண்டு கழித்தே ஆசிரியர்க்கு வந்தது. எழுபத்தெட்டு ஆண்டுக் காத்திருப்பை ராவ் வென்றது நீண்ட ஆயுளால். பரிசு கொடுத்தவர்களின் விரைவு அதற்குக் காரணமன்று என்பதை மறைக்காமல் கூறவேண்டும்.

பெண்பாற் கணக்கு தனியே உரியது. ஏபெல் பரிசு தொடங்கிப் பதினாறு ஆண்டுகள் ஆடவரே பெற்றனர். 2019இல் அமெரிக்கரான கேரன் உலன்பெக் அம்மையார் முதற்பெண்ணாகப் பெற்றார், வயது 76. சோப்புப் படலம் தன் பரப்பை எவ்வாறு மிகக் குறைவாக அமைத்துக்கொள்கிறது என்பது போன்ற வினாக்களிலிருந்து இயற்பியலின் அடிப்படைப் புலங்கள்வரை அவர் பணி விரிந்தது. இளமையில் கணவர்க்கு இடம் தர முன்வந்த பல்கலைக்கழகங்கள், உறவினர் இருவரைப் பணியமர்த்த விதி இடந்தராது என்று அவர்க்குக் கூறின. பல்லாண்டு கழித்துக் கேட்டபோது, அவ்வாறு கூறியது நினைவில்லை என்றன. இதனை அவரே எழுதியுள்ளார். 1990இல் கியோட்டோ உலகக் கணிதர் மாநாட்டின் முழு அவையில் அவர் உரையாற்றினார். அவர்க்கு முன் அச்சிறப்புப் பெற்ற பெண் எம்மி நோதர், ஆண்டு 1932. இரு பெண் குரல்களுக்கு இடையே 58 ஆண்டு மௌனம். ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற முதற்பெண் ஈரானியரான மரியம் மிர்சாகானி. 2014இல் பெற்றார், 2017இல் நாற்பது வயதில் மறைந்தார். வாழ்நாள் விருதுக்கு அவர் காத்திருக்க இயலவில்லை.

பரிசிலை மறுத்தோரும் உளர். அலெக்சாந்தர் குரோத்தந்தீக் 1988இல் சுவீடனின் கிரஃபூர்த் பரிசினை ஏற்க மறுத்தார். அவர் மாணவர் பியேர் தெலீனுடன் பகிர்ந்து அளிக்கப்பட்ட பரிசு அது. தம் ஓய்வூதியமே தமக்குப் போதும், பெயரும் பொருளும் முன்னரே உடையோர்க்கே இத்தகைய பரிசுகள் சென்று சேர்கின்றன, தாம் பாராட்டப்படும் பணியோ இருபத்தைந்து ஆண்டுக்கு முந்தையது என்பன அவர் கூறிய காரணங்கள். தம்மைக் காணாமலே அதியமான் கொடுத்தனுப்பிய பொருளைப் பெருஞ்சித்திரனார் மறுத்ததைப் புறநானூறு பதிந்து வைத்திருக்கிறது. மறுத்த காரணங்கள் வேறு. பரிசிலைவிட அதனைத் தரும் முறையை நோக்கிய நிமிர்வு ஒன்றே. தெலீன் கிரஃபூர்த் பரிசை ஏற்றார். 2013இல் ஏபெல் பரிசும் பெற்றார். ஆசிரியர் மறுத்தார் என்பதற்காக மாணவரைக் குறைகூற எவர்க்கும் உரிமையில்லை.

குரோத்தந்தீக்கின் குற்றச்சாட்டை எளிதில் தள்ளிவிட இயலாது. எழுபது வயதில், ஓய்வூதியமும் புகழும் பெற்ற ஒருவர்க்கு 75 இலட்சம் குரோனர் எதற்கு? ஏபெலுக்கு வேண்டியிருந்தது பதக்கமன்று. 25ஆம் வயதில் மாத ஊதியம். இந்த ஒப்பீட்டில் சென்னை தலை நிமிரலாம். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக இருந்த இராமானுஜனுக்கு, 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை அளித்தது. அவர்க்கு அப்போது 25 வயது. பட்டம் ஏதும் இல்லை. விதிகளைச் சற்று வளைத்தே அதனை அளித்தனர். பெர்லின் மடல் ஏபெலை அடையத் தவறியது. இந்த 75 ரூபாய் இராமானுஜனை உரிய நாளில் அடைந்தது. 32 வயதில் அவரும் மறைந்தார் என்பது வேறு துயரம்.

ஆஸ்லோ அரண்மனைப் பூங்காவில் சிற்பி குஸ்தாவ் விகெலான் வடித்த ஏபெல் நினைவுச் சின்னம் 1908இல் நிறுவப்பட்டது. பரிசு பெறுவோர் விழாவையொட்டி அதன் அடியில் மலர்வளையம் வைப்பது வழக்கம். முதியவர்கள் ஓர் இளைஞனுக்கு வைக்கும் வளையம். 2015இல் ஜான் நாஷ் ஆஸ்லோவில் பரிசு பெற்றுத் தம் 86ஆம் வயதில் நாடு திரும்பினார். விமான நிலையத்திலிருந்து இல்லம் செல்லும் வழியில், மே 23ஆம் நாள், வாடகைக் கார் விபத்தில் மனைவியுடன் உயிரிழந்தார். பரிசில் கைக்கு வந்து சில நாளே ஆகியிருந்தது.

நார்வேயர் தம் கடனை உணர்ந்தவர்கள் என்பதற்கு ஒரு செய்தி. வளரும் நாடுகளில் பணிபுரியும் 45 வயதுக்குட்பட்ட கணிதர்க்கென இத்தாலியின் திரியெஸ்தே நகரிலுள்ள பன்னாட்டுக் கோட்பாட்டு இயற்பியல் மையம் 2005 முதல் ஒரு பரிசு வழங்கி வருகிறது. அதன் பெயர் இராமானுஜன் பரிசு. தொடக்க ஆண்டுகளில் அதற்குரிய பொருளை அளித்தது ஏபெல் நினைவு நிதியம். பின்னர் இந்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை அப்பொறுப்பை ஏற்றது. இருபத்தாறில் மாய்ந்தவரின் நிதி முப்பத்திரண்டில் மாய்ந்தவரின் பெயரால் இளையோர்க்குச் சென்றது. முதற் பரிசு பிரேசில் நாட்டு மார்செலோ வியானாவுக்கு. இரண்டாவது, 2006இல், இந்தியரான சுஜாதா ராமதுரை அம்மையாருக்கு. அவர் கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்றது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் அஞ்சல்வழிக் கல்வியில்.